வானநூலார் வகுத்த இலங்கை

நமது முன்னோர் இயற்றிய வானநூல்களை எடுத்துப் பார்த்தால் இலங்கை என்னும் பெயர் அடிக்கடி வருவதைக் காணலாம். கி.பி. 499-ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபடர் இயற்றிய ஆரியபடீயத்தில் அது உண்டு. சூரிய சித்தாந்தத்திலும் உண்டு. கோள்களின் கணக்கெல்லாம் இலங்கை வழியாகச் செல்லும் கோட்டிலிருந்தே எண்ணப்படும் என்பது அந்நூல்களின் முடிபு. இதைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் பலருக்குத் தோள் பூரிக்கின்றது. உலகிற்கே நடுநாயகம் நமது தீவுதான் என்று மேடைகளிற் பேசுவோரும் உளர். பெருமை நல்லதே, ஆயினும் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் பெருமைப்படுவது இன்னும் நல்லது.

வானநூலார் தம் இலங்கைக்கு இரண்டு அடையாளங்கள் கூறினர். ஒன்று, அது பூமத்தியரேகையின் மேல் உள்ளது. மற்றொன்று, அது உச்சயினி நகருக்கு நேர் தெற்கே உள்ளது. உச்சயினியின் நெடுங்கோடு, இன்றைய அளவுப்படி, கிழக்கு 75 பாகை 46 கலை. நமது தீவோ ஏறக்குறைய 80-ஆம் பாகைக்கும் 82-ஆம் பாகைக்கும் இடையில் கிடக்கின்றது. அதன் தென்கோடியாகிய தேவேந்திரமுனை கூடப் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 6 பாகை தள்ளியே உள்ளது. ஆகவே நூல்கள் சொல்லும் இலங்கை, மாலைதீவுக்குக் கிழக்கே, அலைகடலின் நடுவில் விழுகின்றது! சூரிய சித்தாந்தம் அத்துடன் நில்லாமல், இலங்கைக்குக் கிழக்கே 90 பாகையில் யமகோடி, மேற்கே 90 பாகையில் உரோமகம், பூமியின் மறுபுறத்தில் சித்தபுரி என மேலும் மூன்று நகரங்களை வைத்திருக்கின்றது. கால்வட்டத்துக்கு ஒன்றாக இத்தனை ஒழுங்காக எவரும் நகரம் கட்டியதில்லை. இவை கணிதம் நட்ட முளைகள்.

அப்படியானால் முன்னோர் பிழை செய்தனரா? இல்லை என்பதே நமது கருத்து. பூமி தன் அச்சிற் சுழல்வதால் துருவங்களும் பூமத்தியரேகையும் தாமே அமைந்துவிடுகின்றன. வடக்குத் தெற்காக அளப்பதற்கு இயற்கையே ஒரு தொடக்கத்தைத் தந்துள்ளது. கிழக்கு மேற்காக அளப்பதற்கு அது எதையும் தரவில்லை. எந்த ஊரும் மற்றோர் ஊரினும் உயர்ந்ததன்று. எனவே மனிதர்தாம் கூடி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மவர் உச்சயினிக் கோட்டைத் தெரிந்தனர். 1884-ஆம் ஆண்டு வாசிங்டனில் 25 நாடுகள் கூடி, கிரீனிச்சுக் கோட்டைத் தெரிந்தன. அங்கும் வாக்கெடுப்பு நடந்தது: 22 நாடுகள் ஆதரவு, ஒன்று எதிர்ப்பு, பிரான்சும் பிரேசிலும் நடுநிலை. கைதூக்கித் தீர்மானிக்கக்கூடியது இயற்கையின் உண்மையாக இருக்க முடியாது என்பது வெளிப்படை.

பின் எதுதான் உண்மை? கணக்குப் போட்டே பார்ப்போம். கிரீனிச்சிலிருந்து எண்ணினால் மட்டக்களப்பு 81 பாகை 42 கலை; இரத்தினபுரி 80 பாகை 24 கலை. வித்தியாசம் 1 பாகை 18 கலை. உச்சயினியிலிருந்து எண்ணினால் மட்டக்களப்பு 5 பாகை 56 கலை. இரத்தினபுரி 4 பாகை 38 கலை. வித்தியாசம் அதே 1 பாகை 18 கலை. பாகைக்கு 4 நிமிடமாக, மட்டக்களப்பில் சூரியன் உச்சிக்கு வந்து 5 நிமிடத்திற்குச் சற்று மேலான பின்பே இரத்தினபுரியில் உச்சிக்கு வருகின்றான். எந்த மாநாடு எதைத் தீர்மானித்தாலும் அந்த 5 நிமிடம் அசையாது. தொடக்கம் நம் விருப்பம்; இடைவெளி நம் விருப்பமன்று. முன்னோர் இதை நன்கறிந்தே, தத்தம் ஊர்க்குத் தேசாந்தரத் திருத்தம் செய்துகொள்ள வழி வகுத்தனர்.

ஆரியபடரே நாளின் தொடக்கத்தை இலங்கையின் நள்ளிரவு என ஓரிடத்தும், இலங்கையின் சூரியோதயம் என மற்றோரிடத்தும் கொண்டார் என வராகமிகிரர் குறித்துள்ளார். எதைக் கொண்டாலும் ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையிலான காலம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'எல்லாம் நம் விருப்பம்' என்று வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் இதே கணக்கிற் சேர்த்துவிடலாகாது. சந்திரன் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் நிற்கின்றான் என்பது தெரிவு அன்று. கிரகணத்தன்று வானத்தைப் பார்த்துச் சரிபார்க்கத்தக்க செய்தி.

இனி நம் வீட்டுக் கடிகாரத்துக்கு வருவோம். 1906-ஆம் ஆண்டில் இத்தீவு, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை மேற்கொண்டது. அது 82 பாகை 30 கலைக்குரிய நேரம். அந்தக் கோடு நமது கீழ்க்கரையையும் தாண்டிக் கடலிலேயே செல்கின்றது. முன்னோரின் இலங்கை கடலில் விழுந்தது என்று நகைப்போர், நமது கடிகாரத்தின் கோடும் கடலில்தான் என்பதை நினைக்க. போர்க்காலத்தில், 1942-இல், கடிகாரம் முன்தள்ளப்பட்டு 1945-இல் மீண்டது. மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே 25-இல் ஒரு மணி முன்தள்ளப்பட்டு, அக்டோபர் 26-இல் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. 'பழைய நேரமா, புது நேரமா?' என்று கேளாமல் எந்த நல்ல காரியத்துக்கும் நாள் குறிக்க முடியாத காலம் அது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு விடியற் குளிர்ச்சியில் நடப்பது; வெயில் ஏறினாற் பால் குறையும். மரத்துக்குப் பழைய நேரமும் தெரியாது, புது நேரமும் தெரியாது.

ஆனால் சாதகத்துக்குத் தெரிய வேண்டும். நமது மன்றத்து இளைஞரிற் பலர் அந்தப் பத்தாண்டுகளுக்குள் பிறந்தவர்கள். இதனை எழுதும் நாமும் அவ்வாறே. சாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனினும் கணிப்பதாயின் சரியாகக் கணிக்க வேண்டுமன்றோ? ஓர் இலக்கினம் ஏறக்குறைய 2 மணி நேரம் நிற்கும். அரை மணியைக் கழிக்க மறந்தால், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இலக்கினமே மாறிவிடும். நட்சத்திரமோ ஏறக்குறைய ஒரு நாள் நிற்பதால் ஐம்பதில் ஒருவருக்கே மாறும். பொருத்தம் பார்ப்பதில் நட்சத்திரமே முதன்மை பெறுவது ஒருவகையில் நல்லதாயிற்று. 2001 ஆனியில் ஒரு குழந்தை காலை 6.10-க்கு இரத்தினபுரியிற் பிறந்தது என வைத்துக்கொள்வோம். பழைய நேரம் 5.40. அப்போது சூரியன் உதிக்கவில்லை. பஞ்சாங்க முறைப்படி முந்திய கிழமைதான். கழிக்காவிட்டால் இலக்கினத்தோடு கிழமையும் பிழைக்கக்கூடும்.

இந்தியாவில் அந்தப் பத்தாண்டுகளிற் கடிகாரம் மாறவில்லை. ஆதலால் பிறந்த நேரத்தைத் தமிழகத்துச் சோதிடர்க்கு அனுப்பும் பெரியோர்கள், பிறப்புச் சான்றிதழிற் திகதியைப் பார்த்து, 2006 ஏப்ரல் 15-க்கு முற்பட்டதாயின் அரை மணியையும், 1996-இன் அந்த ஐந்து மாதத்துக்கு உட்பட்டதாயின் ஒரு மணியையும் கழித்தே எழுதுதல் வேண்டும்.