பித்துநிலை வாதமும் எதிரியின் தற்காப்பும்: மக்நாட்டன் விதிகளிலிருந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு வரை

ஆய்வுச் சுருக்கம்

மனநோயுற்ற ஒருவர் குற்றவழக்கில் எதிரியாக நிறுத்தப்படும்போது அவருக்காக முன்வைக்கப்படும் பித்துநிலை வாதம் இங்கிலாந்தில் உருப்பெற்று இந்தியச் சட்டத்தில் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வாதத்தின் எல்லை சட்ட வாசகத்தால் குறுக்கப்பட்டதையும், வாதம் வென்ற பின்னரும் எதிரியின் விடுதலை உறுதிப்படாததையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பித்துநிலை, மக்நாட்டன் விதிகள், மெக்காலே, பிரிவு 84, மெய்ப்பிக்கும் சுமை.

முன்னுரை

செயல் மட்டும் குற்றமாகாது. குற்ற மனமும் அதனுடன் சேரவேண்டும் என்பது குற்றவியலின் அடிப்படை. எனவே, மனம் பிறழ்ந்த நிலையில் ஒருவர் செய்த செயலுக்கு அவரைத் தண்டிக்கலாகாது என்பதில் சட்ட அறிஞரிடையே பெரிதும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. எந்த அளவு மனப்பிறழ்வு போதுமானது, அதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார், விடுவிக்கப்பட்டவரை என்ன செய்வது என்பவையே வழக்குமன்றங்கள் எதிர்கொண்ட வினாக்கள்.

ஹாட்ஃபீல்டு வழக்கு

1800 மே 15 அன்று இலண்டன் துரூரி லேன் அரங்கில் மன்னர் மூன்றாம் ஜார்ஜை நோக்கி ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு சுட்டார். போரில் தலையில் கடுமையான காயமுற்ற முன்னாள் படைவீரர் அவர். தம் இறப்பால் உலகிற்கு மீட்பு வரும் என நம்பிய அவர், அரசின் கையால் சாவதற்கு வழி தேடியே துப்பாக்கியை எடுத்தார். நினைவும் அறிவும் முற்றாக அழிந்தவரே பித்தர் என்பது அந்நாள்வரை நிலவிய அளவுகோல். திட்டமிட்டுச் செயற்பட்ட ஹாட்ஃபீல்டு அதற்குள் அடங்கவில்லை. அவருக்காக வாதாடிய தாமஸ் எர்ஸ்கின், பிறழ்நம்பிக்கையே பித்துநிலையின் உண்மையான அடையாளம் என வாதிட்டு வென்றார். ஆயினும், இவ்வாறு விடுவிக்கப்படுவோரைக் காவலில் வைக்கும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. ஹாட்ஃபீல்டு தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதியைப் பெத்லெம் மனநோய் இல்லத்திலேயே கழித்து 1841இல் இறந்தார்.

மக்நாட்டன் விதிகள்

1843 ஜனவரி 20 அன்று பிரதமர் இராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்டு டிரம்மண்டை டேனியல் மக்நாட்டன் சுட்டார். சில நாள்களில் டிரம்மண்டு இறந்தார். ஆளுங்கட்சியினர் தம்மை ஓயாது துன்புறுத்துவதாக மக்நாட்டன் நம்பியிருந்தார். அவருக்காக வாதாடிய அலெக்சாண்டர் காக்பர்ன் மருத்துவர்களின் சாட்சியத்தைத் தம் வாதத்தின் மையமாக்கினார். நடுவர்குழு மக்நாட்டனைக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு விக்டோரியா அரசியின் அதிருப்திக்கும் பொதுமக்களின் சினத்திற்கும் உள்ளானது. பிரபுக்கள் அவை நீதிபதிகளிடம் வினாக்களை எழுப்பி விடை பெற்றது. மனநோயால் தன் செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறியாதவருக்கே விலக்கு என்பது அவ்விடைகளின் சாரம். மக்நாட்டனுக்கு விடுதலை தேடித்தந்த வாதத்தைவிட, அவர் பெயரால் வழங்கும் விதிகள் குறுகியவை.

இந்தியச் சட்டத்தில் வாசக மாற்றம்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையத்தின் 1837ஆம் ஆண்டு வரைவு மக்நாட்டன் வழக்குக்கு முற்பட்டது. பித்துற்றிருந்ததன் விளைவாகச் செய்த செயல் குற்றமாகாது என்று அது கூறியது. நோய்க்கும் செயலுக்கும் இடையிலான காரணத் தொடர்பே அங்கு அளவுகோல். 1860இல் நிறைவேறி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமோ, சித்தசுவாதீனமின்மையால் செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்திற்கு முரணானது என்பதையோ 'அறிய இயலாத' நிலையை வேண்டியது. காரணத் தொடர்பு என்னும் அளவுகோல் அறியும் ஆற்றல் என்னும் அளவுகோலாக மாறியது. அறிந்தும் தன்னைக் கட்டுப்படுத்த இயலாத நோயாளர் இதனால் விலக்குக்கு வெளியே நின்றார்.

இவ்வாசகம் இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தண்டனைச் சட்டங்களுக்கும் சென்றது. சிங்கப்பூர் 2020 முதல் கட்டுப்பாட்டு ஆற்றலை முற்றாக இழந்த நிலையையும் விலக்கில் சேர்த்துள்ளது. இந்தியாவிலோ, 1971ஆம் ஆண்டுச் சட்ட ஆணைய அறிக்கை மாற்றம் தேவையில்லை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவிலும் பழைய அளவுகோலே தொடர்கிறது.

மெய்ப்பிக்கும் சுமை

1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, விலக்கை மெய்ப்பிக்கும் சுமையை எதிரியின்மீது வைத்தது. தாயாபாய் எதிர் குஜராத் மாநிலம் வழக்கில் (1964) நீதிபதி கே. சுப்பாராவ் இதன் கடுமையைத் தணித்தார். எதிரி உரிமையியல் வழக்கில் போதுமான நிகழ்தகவு அளவில் மெய்ப்பித்தால் போதும். அதிலும் தவறினால்கூட, அவர் தரப்புச் சான்றுகள் குற்ற மனம் பற்றி நியாயமான ஐயத்தை எழுப்பினால் விடுதலை பெறலாம் என்பது அத்தீர்ப்பு. எனினும், செயல் நிகழ்ந்த வேளையின் மனநிலையே முடிவானது என்றும் அது வலியுறுத்தியது. முன்பு சிகிச்சை பெற்ற ஆவணமும் மருத்துவரின் சாட்சியமும் இல்லாத ஏழை எதிரிக்கு இதுவே பெருந்தடை. மருத்துவ நோக்கிலான மனநோய் வேறு, சட்ட நோக்கிலான பித்துநிலை வேறு என்ற வேறுபாட்டை உச்சநீதிமன்றம் பின்னரும் பல தீர்ப்புகளில் நிலைநிறுத்தியுள்ளது.

விடுவிப்பும் காவலும்

2024 வரை நடைமுறையிலிருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 335ஆம் பிரிவின்படி, பித்துநிலையால் விடுவிக்கப்பட்டவரைக் காவலில் வைக்க இடமிருந்தது. பிணை அளிக்கும் உறவினரிடம் ஒப்படைக்கவும் இடமிருந்தது. ஏற்க உறவினர் இல்லாதவருக்கு விடுவிப்பே நெடுங்காவலாகிறது. வீணா சேத்தி எதிர் பீகார் மாநிலம் வழக்கில் (1982) ஹசாரிபாக் சிறையில் மனநோயாளராக அடைக்கப்பட்டிருந்தோரின் நிலை வெளிப்பட்டது. மனநலம் தேறிய பின்னரும் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தவர்கள் அவர்களுள் இருந்தனர்.

முடிவுரை

எர்ஸ்கினும் காக்பர்னும் நோயாளரின் நம்பிக்கை உலகை நடுவர்முன் விரித்து வென்றனர். அவ்வெற்றிகளை எதிர்கொண்ட சட்டம், முதலாவதற்குக் காவலையும் இரண்டாவதற்குக் குறுகிய விதியையும் விடையாக்கியது. இந்தியா இவ்விரண்டின் மரபையும் பெற்றது. ஆகவே, மனநோயுற்ற எதிரியின் தற்காப்பைத் தீர்ப்பு நாளோடு முடிவதாகக் கருதுதல் பொருந்தாது. கைதான உடனே மருத்துவச் சான்றுகளைத் திரட்டுவதும், விடுவிப்புக்குப் பின் காவலைக் காலமுறையில் மறுஆய்வு செய்யக் கோருவதும் அத்தற்காப்பின் இன்றியமையாத கூறுகள் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.