செப்புத் திருமேனிகளும் நம் கடனும்

கல், மரம், சுதை, தந்தம், உலோகம் எனச் சிற்பிக்கு வாய்த்த பொருள்கள் பல. அவற்றுள் கல்லிற் செய்த மூர்த்தம் கருவறையை விட்டு அசைவதில்லை, மூலவராய் வீற்றிருக்கும். செம்பில் வார்த்த மூர்த்தமோ தேரிலும் வாகனத்திலும் எழுந்தருளி, கோயிலுக்கு வரமாட்டாத முதியோருக்கும் நோயாளருக்கும் அவரவர் படலையடியிலேயே காட்சி கொடுக்கும். திருவிழாத்தோறும் அக்காட்சியைக் கண்டு வளர்ந்த நாம், அத்திருமேனி உருவாகும் வகையையும், அதன் சரித்திரத்தையும் சிறிது சிந்தித்தல் தகும்.

தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து, ஸ்தபதியார் முதலில் மெழுகிலேயே முழு உருவத்தையும் சமைப்பார். தென்னோலை நறுக்கொன்றை மூர்த்தத்தின் உயரத்துக்கு வெட்டி மடித்து, அங்கங்களின் அளவைக் குறித்துக்கொள்வது தஞ்சை நாட்டுச் சுவாமிமலையார் இன்றும் கையாளும் முறை. மெழுகுருவின்மேல் காவிரி வண்டலை மெல்லெனப் பூசி, உலர்ந்தபின் தடித்த மண்ணால் மூடிக் கம்பியாற் கட்டுவர். நெருப்பிலிட்டதும் மெழுகு உருகித் துளைவழியே ஓடிவிடும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். பஞ்சலோகம் என்று வழங்கினும் அதிற் பெரும்பகுதி செம்பே. ஆறியபின் மண் கருவை உடைத்தே உருவத்தை வெளியில் எடுத்தல் வேண்டும். பின்னர் உளியாலும் அரத்தாலும் செப்பஞ்செய்து கண் திறப்பர். வடநூலார் இம்முறையை 'மதூச்சிட்ட விதானம்' என்பர். மெழுகும் போயிற்று, கருவும் உடைந்தது. ஆதலின் ஒரு திருமேனியை இழந்தால் அதற்கு ஈடாக அதே உரு மற்றொன்று இல்லை.

நம் ஈழநாட்டில் இக்கலையின் பெருமையை உலகறியச் செய்தது பொலநறுவை. பதினோராம் நூற்றாண்டில் அது சோழர் தலைநகராய்ச் சனநாதமங்கலம் என்னும் பெயர் பெற்றிருந்தது. அக்காலத்து வானவன்மாதேவி ஈச்சரம் என்னும் கற்றளி இன்றும் அங்கே நிற்கின்றது. 1070ஆம் ஆண்டளவிற் சோழர் ஆட்சி நீங்கியபின்னும் சிவவழிபாடு அந்நகரில் நீங்கவில்லை. 1907, 1908ஆம் ஆண்டுகளிற் புதைபொருளாராய்ச்சிப் பகுதியார் அங்குள்ள சிவாலயச் சூழலை அகழ்ந்தபோது நடராசர், சிவகாமியம்மை, சமயகுரவர் நால்வர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல கொழும்பு நூதனசாலையை அடைந்தன. 1914இல் கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி ஈழத்துச் செப்புப் படிமங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சேர். பொன். அருணாசலம் பொலநறுவைத் திருமேனிகளின் தத்துவப் பொருளை விளக்கிக் கட்டுரை வரைந்தார். அவை சோழ நாட்டினின்றும் வந்தனவா, ஈழத்திலேயே வார்க்கப்பட்டனவா என்று அறிஞர் வாதித்தனர். ஆபத்து வந்த காலத்து அன்பர் சிலர் அவற்றை மண்ணுக்கு ஒப்படைத்துச் சென்றனர் போலும். அவர் பெயரை அறிவார் இல்லை.

திருக்கோணமலையின் கதையும் அத்தகையதே. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். 1950ஆம் ஆண்டு அங்கே கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மை முதலிய மூர்த்தங்கள் கிடைத்தன. முந்நூறு ஆண்டுக்கு மேல் மண்ணுள் இருந்த அவை மீண்டும் பூசை ஏற்றன. பொலநறுவையார் நூதனசாலையில் நிற்க, கோணமலையார் வீதிவலம் வருகின்றனர்.

மூன்றாவது கதை ஒன்றும் உண்டு. திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்ததாகச் சொல்லப்படும் பௌத்தர் தாராதேவியின் பொன்முலாம் பூசிய திருவுருவம் 143 சென்ரிமீற்றர் உயரமுடையது. தேசாதிபதியாயிருந்த பிறவுண்றிக் வழியாக அது 1830இல் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தது. எவ்வூரில், எக்கோயிலில் இருந்தது என்று எழுதி வைத்தவர் இல்லாமையால், அத்தேவிக்கு ஊர் இல்லாது போயிற்று.

எழுதிவைத்தலின் பயனுக்கு எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலே உண்டு. அரியலூர்ப் பகுதி ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் களவுபோய், 2008இல் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விலையானார். களவுக்கு முன்னர் கோயிலில் எடுக்கப்பட்ட புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திற் பேணப்பட்டிருந்தது. அதுவே சாட்சியாக நின்றது; 2014இல் நடராசர் பாரதம் மீண்டார்.

எனவே வாலிப அன்பர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. நும் ஊர்க் கோயிலின் தருமகர்த்தாவையும் குருக்களையும் அணுகி, உத்தரவு பெற்று, ஒவ்வொரு மூர்த்தத்தின் பெயர், உயரம், பீட எழுத்து, உபயகாரர் பெயர், ஆண்டு என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து, படமும் எடுத்து வையுங்கள். அப்பதிவைப் பலரறியப் பரப்பாது கோயிலிலும் நம்பத்தக்க பெரியோரிடத்தும் காத்து வையுங்கள். பெரியோர்களே, நீங்கள் அறிந்த வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். அன்று மண்ணைத் தோண்டி மறைத்தவர் தம்மால் இயன்றதைச் செய்தனர். எழுதி வைத்தல் நம்மால் இயலும்.