தனுஷ்கோடி வண்டியின் தள்ளுக் கண்ணாடி

மறைந்த நாள் 2017 ஜூலை 27. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை போட்ட ஒன்பதரை கிலோமீட்டர் சாலையை அன்றுதான் பிரதமர் திறந்துவைத்தார். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் திறக்கப்பட்டதும் அதே நாளில்தான். ராமேசுவரம் தீவு முழுக்க விழாவில் இருந்த அந்த நாளோடு, மணலில் ஓடிய ஜீப்புகளுக்கும் வேன்களுக்கும் பிழைப்பு முடிந்தது. கார் வைத்திருப்பவர் காரிலேயே முனை வரை போகலாம், பேருந்தும் போகும். மணல் வண்டிக்காக யார் காத்திருப்பார்கள்?

அந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள், நான்கு சக்கரமும் இழுக்கும் கியரைப் பற்றிப் பேசுவார்கள். நான் எழுத வந்தது பின்னிருக்கைக்குப் பக்கத்தில் இருந்த தள்ளுக் கண்ணாடியைப் பற்றி. பயணி கை வைத்து இயக்கக் கூடியதாக அந்த வண்டியில் இருந்தது அது ஒன்றுதான். அதைச் செய்யவும், பழுது பார்க்கவும், திரும்ப மாட்டவும் இந்தக் கரையில் ஒரு கைவேலை இருந்தது. அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் இந்த அஞ்சலி.

1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல், பாம்பனிலிருந்து வந்த ரயிலையும் ஊரையும் துறைமுகத்தையும் ஒரே மூச்சில் கொண்டுபோனது. தலைமன்னார்க் கப்பலுக்காக உருவான ஊர், கப்பலும் தண்டவாளமும் இல்லாமல் நின்றது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். கடலை விட்டுவிட்டு அவர்கள் எங்கே போவது? அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே சாலை கிடையாது. பிடித்த மீன் வெளியே வர, ஐஸ் கட்டி உள்ளே போக, பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர, சேதுவில் நீராட வருகிறவர்களை ஏற்றிப் போக, மணலில் ஓடும் வண்டிதான் வழி. வில்லிஸ் ஜீப்பை இங்கே கோத்து விற்கத் தொடங்கிய மகிந்திரா கம்பெனியின் வண்டிகள் அதற்கு வாகாக அமைந்தன. ஈர மணலில் ஓரமாகப் போனால் தரை கெட்டி, உலர்ந்த மணலில் ஏறினால் சக்கரம் புதையும். டயரில் காற்றைக் குறைத்து, அலை பின்வாங்கும் நேரம் பார்த்து ஓட்டுவார்கள். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்தவர்களும் உண்டு.

ஜீப் வகை வண்டியின் பின்பக்கத்தில் கண்ணாடியைச் சுற்றி இறக்க முடியாது. முன்கதவுக்குள் கண்ணாடி இறங்க இரண்டு தகட்டுக்கு நடுவே பள்ளம் இருக்கும். பின்பக்கம் சக்கர வளைவுக்கு மேல் எழும்பும் ஒற்றைத் தகடு. உள்ளே இடமில்லை. ஆகவே ஓர் அலுமினியச் சட்டத்தில் இரண்டு கண்ணாடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை இன்னொன்றின் மேல் தள்ளிவிடும் ஏற்பாடு. சாளரத்தில் பாதிதான் திறக்கும், ஆனால் கெட்டுப்போகச் சக்கரமோ கம்பியோ அதில் எதுவும் இல்லை. உலகம் முழுவதும் இதைத்தான் செய்தார்கள். 1948-இல் வந்த லேண்ட் ரோவரின் கதவில் பல பத்தாண்டுகள் இருந்தது தள்ளுக் கண்ணாடிதான். அக்கரையில் இலங்கையின் மலைத் தோட்டங்களில் ஏறி இறங்கிய லேண்ட் ரோவர்களிலும் அதே கண்ணாடி.

இங்கே அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு வேலை இருந்தது. பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால், ஓடுகிற வண்டியின் பின்னால் சுழலும் காற்று டீசல் புகையையும் மணலையும் உள்ளே இழுத்துக்கொண்டு வரும். காற்று வேண்டுமென்றால் பக்கத்தில்தான் திறக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதைக் காலம் சொல்லும். முனையை நோக்கிப் போகும்போது வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இந்தக் கரையார் ஆண்கடல் என்பது. இடப்பக்கம் பாக் விரிகுடா, அது பெண்கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வலப்பக்கக் கண்ணாடியைச் சாத்தி, இடப்பக்கத்தைத் திறந்து வைக்க வேண்டும். வாடைக் காற்றில் அதற்கு நேர் எதிர். திரும்பி வரும்போது பக்கமும் மாறிவிடும். ஓட்டுநர்கள் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்கள்: "அக்கா, கடப்பக்கம் சாத்திக்கங்க, மணல் அடிக்கும்." இரண்டு பக்கமும் கடல் இருக்கிற இடத்தில் எது கடல் பக்கம் என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது. கூடவே வந்த மீன்கார அம்மா எழுந்து சாத்திவிடுவார்.

உப்பும் மணலும் சேர்ந்து அந்தச் சட்டத்தை என்ன செய்யும் என்பதை அருகில் பார்த்திருக்கிறேன். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உப்புக் காற்றில் அது வெள்ளையாகப் பூக்கும், தோல் குழி குழியாக அரிபடும். அலுமினியச் சட்டத்தை இரும்புத் திருகால் முடுக்கியிருந்தால் கேடு இரட்டிப்பு. உப்புத் தண்ணீர் நடுவில் புகுந்துவிட்டால் அந்த இரண்டு உலோகமும் பேட்டரி போல வேலை செய்து, திருகைச் சுற்றி அலுமினியம் பொடியாகக் கொட்டும். இதைவிட மோசம், கண்ணாடி நகரும் கீழ்ச் சேனல். மழையும் அலைத் தெறிப்பும் வடிய அதில் சின்னச் சின்னத் துளை இருக்கும். மணல் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி, சட்டத்துக்கு அடியில் இருக்கும் வண்டித் தகட்டை மெதுவாகத் தின்னும். பெயிண்ட் கொப்பளிக்கும்போதே அடியில் தகடு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் ஈர்க்குச்சியால் துளையைக் குத்திவிட்டிருந்தால் போதும், அந்தத் தகடு இன்னும் சில வருடம் நின்றிருக்கும்.

ராமநாதபுரத்தில் டிங்கரிங் வேலை செய்த பெரியவர் ஒருவரிடம் இந்த வண்டிகள் வரும். இறுகிப்போன கண்ணாடியை அவர் ஒருபோதும் பலமாக இழுக்க மாட்டார். டீசல் ஊற்றி ஓரிரவு ஊறவைப்பார். திருகுகளைத் திறக்கப் பார்த்து, தலை நழுவினால் துளைபோட்டு எடுப்பார். சட்டத்தைத் தகட்டோடு பிடித்திருக்கும் உள்பக்க வளையம் கழன்றதும் வெளிச்சட்டம் தானே தளரும். அப்புறம் தகட்டைப் பார்ப்பார். சுற்றிலும் விரல் நகத்தால் சுரண்டுவார், தட்டுவார், சத்தம் கேட்பார். செத்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, வெட்டிய விளிம்புக்கு ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்ட பிறகுதான் சட்டத்தைத் தொடுவார். "விளிம்பு பச்சையா இருந்தா எல்லாம் வீண் தம்பி" என்பார். வேகமாக வேலை செய்கிற இடங்களில் முதலில் விட்டுப்போவது இந்த ஒரு படிதான்.

கண்ணாடியைக் கடைக்குக் கொடுக்கும்போது அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு போவார். டேப் அளவு அவருக்குப் போதாது, மூலை வளைவு அதில் வராது. வண்டிக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியை அதன் பிறகு அறுக்கவும் முடியாது, துளைக்கவும் முடியாது. முயன்றால் முழுக்கப் பொடியாகும். அட்டை ஒரு மில்லிமீட்டர் தவறினால் காசு போச்சு. சில பட்டறைகள் மலிவுக்கு ஜன்னல் கண்ணாடியை அறுத்துப் போட்டுவிடும். பிள்ளைகள் ஏறும் வண்டியில் அது பாவம் என்று அவர் வெளிப்படையாகவே சொல்வார். கறுப்புத் தாள் ஒட்டச் சொல்பவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவார். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்த பிறகு சட்டமும் அவர் பக்கம் நின்றது.

மாட்டுவதுதான் பார்க்கத் தகுந்தது. சட்டத்தைச் சுற்றி உட்காரும் ரப்பர் பீடிங்கின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரண்டு முனையும் கீழே நடுவில் தொங்கும்படி விடுவார். கயிறு வேறொன்றுமில்லை, வலை பின்னும் நைலான் நூல். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் நூலைச் சீராக இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்பக்கமாக மடிந்து உட்கார்ந்துகொண்டே வரும். மூலையில் அவசரப்பட்டால் ரப்பர் கிழியும். மூலைக்கு வந்ததும் அவர் பேச்சு நின்றுவிடும். பிறகு சேனலில் புது வெல்வெட் பட்டையை ஒட்டி, கண்ணாடியை ஏற்றி, நாலைந்து முறை தள்ளிப் பார்ப்பார். எண்ணெயோ கிரீஸோ போட மாட்டார். எண்ணெய் மணலைப் பிடித்துவைத்து அரைத்துவிடும். மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார், அவ்வளவுதான். உள்வளையத்தை முடுக்கும் திருகுகள் துருப்பிடிக்காத எஃகு. துளைகளில் ஒரு சொட்டு சீலன்ட், உலோகமும் உலோகமும் தொடாமல் இருக்க. கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழ்ச் சேனலில் ஊற்றி, அது வெளிப்பக்கமாக வடிவதைப் பார்த்த பிறகுதான் கூலி வாங்குவார்.

ஒரு சாதாரண வண்டிக் கண்ணாடிக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்கள் அந்தப் பாதையில் போயிருக்க மாட்டார்கள். தண்ணீரும் மணலும் வெயிலும் எல்லாம் ஒன்றாக உள்ளே வரப் பார்க்கிற இடம் அது. நன்றாக மாட்டிய கண்ணாடி, சாத்தினால் காற்றை அடைத்தது, திறந்தால் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் கட்டம்போட்டுக் காட்டியது. புயலில் போன ஊரை இரண்டு தலைமுறை அந்த அகலத்தில்தான் பார்த்தது.

சாலை வந்ததை நான் குறை சொல்லவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு அலை இறங்கும் நேரத்துக்காகக் காத்திருந்த தாய்க்குச் சாலைதான் நியாயம். ஆண்டாண்டாகக் கேட்டுக் கிடைத்தது அது. எனக்கு வருத்தம், வண்டி போன பிறகு அந்தக் கைவேலையை யாரும் கேட்கவில்லை என்பதில்தான். அந்த மணல் பாதைக்கு வண்டியைத் தயார்செய்தவர்களிடம், எங்கே ஓட்டை விட வேண்டும், எங்கே அடைக்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்ற அனுபவம் ஒரு தலைமுறைக்கு மேல் சேர்ந்திருந்தது. இன்று வரும் கார்களின் கடைசி வரிசைக் கண்ணாடி பல வண்டிகளில் திறப்பதே இல்லை. ஏசியில் உட்கார்ந்தபடியே முனை வரை போய், இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். கச்சானா வாடையா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ராமநாதபுரத்தின் ராமலிங்க விலாசம் அரண்மனையில் சேதுபதிகளின் வாளும் கல்வெட்டும் வைத்திருக்கிறோம், நல்லது. ராமேசுவரம் தீவில் ஒரு மணல் வண்டியும் நிற்க வேண்டும், ஓடும் நிலையில், இரண்டு பக்கமும் தள்ளுக் கண்ணாடியோடு. அதற்குப் பெரிய செலவு ஆகாது. உரியவர்கள் பட்டறைகளுக்குப் பின்னால், தென்னந்தோப்பு ஓரங்களில் பார்த்தால் கிடைக்கலாம்.

அப்படி ஒன்று உங்கள் கொட்டகையில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் பக்கச் சட்டங்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். கட்டிங் மெஷினை வைத்து வெட்டாதீர்கள். முதல் நாள் டீசல் ஊற்றி, மறுநாள் உள்வளையத் திருகிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் கவலை வேண்டாம். அட்டை வெட்டிக் கொடுத்தால் கண்ணாடி எந்த ஊரிலும் செய்து வாங்கலாம். சேனலின் அகலமும், மூலை வளைவும், துளைகள் இருக்கும் இடமும் மட்டும் போய்விட்டால் திரும்ப வராது.