கல்பாத்தி அக்கிரகார வீடுகள்: அமைப்பும் பயன்பாட்டு மாற்றமும்

பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணர்கள் தம் குடியிருப்பைக் 'கிராமம்' என்றே வழங்குவர். கல்பாத்தி ஆற்றின் கரையில் அமைந்த பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகியவை அத்தகைய கிராமங்களே. காசியிலிருந்து லிங்கம் கொணர்ந்த இலட்சுமி அம்மாள் என்னும் கைம்பெண்ணின் வேண்டுகோளால் இட்டிக்கோம்பி அச்சன் விசுவநாதசுவாமி கோயிலை எழுப்பினார் என்பது மரபு. அதற்குரிய ஆண்டாக 1425 சுட்டப்படுகிறது.

இங்குள்ள வீட்டைத் தனியொரு கட்டடமாகக் கருதி ஆராய்வது பொருந்தாது. அடுத்தடுத்த இரு வீடுகளுக்கும் ஒரே சுவர். தெருவை நோக்கிய முகம் குறுகியது. உள்ளே செல்லச் செல்ல நீண்டுகொண்டே போவது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு, கொல்லை என்பது பொதுவான வரிசை. பக்கச் சுவர்களில் சாளரம் வைக்க வழியில்லாமையால் வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வருதல் வேண்டும். சில இடங்களில் கிணறுகூட இரு வீட்டாருக்கும் பொது. ஒருவர் தம் வீட்டை இடித்தால் அண்டை வீட்டின் சுவரும் வெளிப்பட்டு நிற்கும். ஆகவே தெருவே கட்டடம், வீடு அதன் ஒரு பகுதி எனக் கொள்வதே தகும்.

கூரையில் இன்று காணப்படும் தட்டை ஓடு மிகப் பழையதன்று. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிலுக்குப் பின்னரே அவ்வகை ஓடு மலபாரில் பரவியது.

தெருவே கட்டடமாயின் அதில் நடப்பவர் யார் என்னும் வினாவும் கட்டடக்கலை சார்ந்ததே. 1924இல், வைக்கம் போராட்டம் நிகழ்ந்த அதே ஆண்டில், கல்பாத்தித் தெருவில் ஈழவர் நடப்பது தடுக்கப்பட்டது. சிக்கல் சென்னைச் சட்டமன்றம் வரை சென்றது. ஈழவர் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து அவ்வுரிமையைக் கோரினர். வழிப்போக்கர் இளைப்பாறும் இடம் என்று திண்ணையைப் புகழ்வோர், எந்த வழிப்போக்கர் என்பதையும் கூறுதல் வேண்டும்.

வீட்டின் உட்பயன்பாட்டை மாற்றியவை கல்வியும் நிலமும். 1862இல் சென்னை–பேப்பூர் இருப்புப்பாதை நிறைவுற்றது. விக்டோரியா கல்லூரியின் தொடக்கமான பள்ளி 1866இல் தோன்றியது. படித்தவர் சென்னைக்கும் பம்பாய்க்கும் பெயர்ந்தனர். எனினும் குத்தகை நெல் வந்துகொண்டிருந்த வரை வீடு காலியாகவில்லை. நெல்லைச் சேர்த்து வைக்கும் பத்தாயமும் மச்சும் அதன் பொருளாதார உறுப்புகள். 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் குத்தகை முறையை ஒழித்தது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது, அது நியாயமானதே. ஆனால் பத்தாயம் வெறுமையாயிற்று.

பாகப்பிரிவினையில் இவ்வீட்டின் வடிவமே இடையூறாகிறது. நெடுக்காகப் பிரித்தால் ஆள் வாழ இயலாத இடைகழி இரண்டு மிஞ்சும். குறுக்காகப் பிரித்தால் பின்பகுதிக்கு வாசல் இல்லை. எனவே ஒருவர் விலை கொடுத்து வாங்குவார், அல்லது அனைவரும் விற்பர். அப்பளத் தொழில், சமையல் ஒப்பந்தம், வாடகைக் குடியிருப்பு எனப் புதிய பயன்கள் இவ்வாறே நுழைந்தன. முற்றத்தின் மேல் கண்ணாடியோ தகடோ வேய்வது, திண்ணையைக் கம்பிக் கதவால் அடைப்பது ஆகியவை இன்றைய தேவையின் விளைவுகள்.

கல்பாத்தி அரசால் பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்டபின் புறத்தோற்றத்தை மாற்றுவதற்கு முன் அனுமதி வேண்டியதாயிற்று. முகப்பைக் காக்கும் இவ்விதி, ஓட்டை மாற்றவும் மரத்தைப் பேணவும் ஆகும் செலவை உடைமையாளர் தோளிலேயே விட்டுள்ளது. ஆண்டுதோறும் நவம்பரில் தேரோட்டத்திற்கு வெளியூர் உறவினர் திரும்பும் சில நாட்களில் மட்டும் பூட்டிய வீடுகளின் கூடத்தில் இலை போடப்படுகிறது.