ஓ.வி. விஜயனின் கசாக்: எல்லைப்பேச்சும் மொழிபெயர்ப்பும்

கோயம்புத்தூர்ச் சமவெளியையும் மலபாரையும் இணைக்கும் பாலக்காட்டுக் கணவாய், தமிழும் மலையாளமும் நெடுங்காலம் கலந்து வழங்கிய பகுதியாகும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்படி பாலக்காடு கேரளத்தின் பகுதியாயிற்று. ஆட்சியெல்லை ஒரே நாளில் மாறியது. பேச்செல்லை அவ்வாறு மாறவில்லை. அவ்வாண்டில்தான் ஓ.வி. விஜயன் (1930-2005), தம் சகோதரி ஓராசிரியர் பள்ளியொன்றில் பணியாற்றிய தஸ்ராக் என்னும் சிற்றூரில் தங்கினார். அவ்வூரே பின்னர்க் கசாக் ஆயிற்று.

பாலக்காட்டு மாவட்டத்தில் பிறந்த விஜயன், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, கல்லூரி ஆசிரியராக இருந்து, 1958இல் தில்லி சென்று கருத்துப்பட ஓவியரானார். ‘கசாக்கின்றெ இதிகாசம்’ 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராகவும் 1969இல் நூலாகவும் வெளிவந்தது.

இந்நாவலில் இருவேறு மொழிநிலைகள் உள்ளன. கதை கூறுவோனின் நடை வடசொல் செறிந்தது. இராவுத்தர், ஈழவர் முதலிய ஊரார் பேசுவதோ தமிழுக்கு நெருங்கிய பாலக்காட்டு வழக்கு. கற்று வந்த ரவிக்கும் ஊருக்கும் இடையிலுள்ள தொலைவை இவ்வேறுபாடே உணர்த்துகிறது. மலையாள வாசகர் செவிக்கு அத்தமிழ்ச் சாயல் எல்லைப்புறத்தின் அடையாளமாகும்.

தமிழில் பெயர்க்கும்போது இவ்வடையாளமே முதலில் மறையும். மலையாளத்தில் வேறுபட்டு ஒலித்தது தமிழில் இயல்பாகிவிடும். கொங்கு வழக்கைப் பயன்படுத்தினால் ஊர் கணவாயின் இப்புறம் வந்துவிடும். பொதுத்தமிழைப் பயன்படுத்தினால் ஊரே குரலிழக்கும். இலக்கணமும் தடையாகிறது. மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. ‘வந்நு’ என்பதைத் தமிழாக்குவோர் ‘வந்தான்’, ‘வந்தார்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்; மூலத்தின் வினை சொல்லாது விட்ட மதிப்புநிலையைத் தமிழ்வினை சொல்லியே தீரும். சொல்லொற்றுமையும் ஏமாற்றும்: மலையாளத்தில் ‘அவசரம்’ வாய்ப்பு, ‘சம்சாரம்’ பேச்சு.

விஜயன் தாமே செய்த ஆங்கிலப் பெயர்ப்பு 1994இல் வெளிவந்தது. அது மூலத்தினின்று பெரிதும் விலகிய தனிப்படைப்பு என்று திறனாய்வாளர் கருதினர். யூமா வாசுகியின் தமிழ்ப்பெயர்ப்பு 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது.

இவற்றால் பெறப்படும் முடிவு ஒன்று. எல்லைப்பேச்சை மற்றொரு வட்டார வழக்கால் ஈடுசெய்வது மட்டும் போதாது. இரு மொழிநிலைகளுக்கும் இடையிலுள்ள தொலைவையே பெயர்த்தல் வேண்டும். உறவுமொழிகளுக்கிடையே அத்தொலைவு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுவதால், அண்மைமொழிப் பெயர்ப்பே அரிய பணியாகிறது எனலாம்.