கைப்பிடி இழந்த குழாய்

தொற்றுநோய் எவ்வாறு பரவுகிறது, எவ்வாறு தடுக்கப்படுகிறது என்பதைக் கற்பிக்கையில் நாம் பெரும்பாலும் ஒரு பட்டியலையே மாணவர்க்கு அளிக்கிறோம்: நீரால் பரவுவன, காற்றால் பரவுவன, கொசுவால் பரவுவன. தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும். ஆகவே, நம்மிடம் பாடம் கேட்க வந்த பதினோராம் வகுப்பு மாணவனுக்கு இலண்டன் மாநகரின் ஒரு தெருவைப் பற்றிச் சொன்னோம்.

1854 ஆகஸ்டு 31 இரவு, அந்நகரின் சோகோ பகுதியில், பிராட் தெருவைச் சுற்றிலும் வாந்திபேதி மூண்டது. பத்து நாள்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அழுகலிலிருந்து எழும் தீநாற்றமே நோயைக் கொணர்கிறது என்பது அந்நாளைய மருத்துவருட் பலரின் துணிபு. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் இதை ஏற்கவில்லை. குடலைத் தாக்கும் நோய் வாய்வழியே புகுந்திருக்க வேண்டும் என்றார். இறந்தோர் வீடுகளைக் கணக்கெடுத்தபோது, அவை பிராட் தெருவின் அடிகுழாயைச் சூழ்ந்திருந்தன. அருகிலிருந்த ஏழையர் விடுதியில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தும் இறந்தவர் ஐவரே. அங்குத் தனிக் கிணறு இருந்தது. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த கைம்பெண் ஒருவரோ மாண்டார். அக்குழாய் நீரின் சுவையை விரும்பி, வண்டியில் தருவித்துக் குடித்துவந்தவர் அவர். செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

பாடநூல்கள் இங்கே நின்றுவிடும். நம் மாணவன் விடவில்லை. "அன்றோடு நோய் நின்றதா?" என்றான். இல்லை, அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது. மக்களிற் பலர் ஊரைவிட்டு ஓடியிருந்தனர். ஸ்நோவும் இதை மறைக்கவில்லை.

அப்பகுதியின் புனித லூக்கா ஆலயத்தில் ஹென்றி வைட்ஹெட் என்னும் உதவிக் குரு இருந்தார். ஆங்கிலிக்கன் சபையினர், ஆயினும் பங்குப்பணி இன்னதென அவரிடம் நாமும் கற்கலாம். ஸ்நோ கூறியது தவறெனக் காட்டவே அவர் ஆய்வில் இறங்கினார். இறந்தோரின் படுக்கையருகே அமர்ந்திருந்தவர் ஆதலின், எந்த வீட்டில் யார் எந்நீரைக் குடித்தனர் என அவரால் கேட்க முடிந்தது. ஒரே வீட்டுக்கு மீண்டும் மீண்டும் சென்றார். விடைகள் யாவும் ஸ்நோவின் பக்கமே சாய்ந்தன. தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை.

1855-இல் இறப்புப் பதிவேட்டைப் புரட்டுகையில், குழாயை ஒட்டிய 40-ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தையொன்று பேதியால் இறந்தமை அவர் கண்ணிற் பட்டது. அது நோயுற்றதோ ஏனையோர்க்கு முன்பே. தாயிடம் சென்று கேட்டார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டின் முன்புறக் கழிவுக்குழியில் ஊற்றியதாக அவள் சொன்னாள். முன்பின் அறியாத அதிகாரி வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது நமக்கு ஐயமே. தோண்டிப் பார்த்தனர். குழியின் செங்கற்கள் சிதைந்திருந்தன. மூன்றடிக்கும் குறைந்த தொலைவில் இருந்த கிணற்றுக்குள் கழிவு கசிந்திருந்தது.

மாணவனின் கேள்விக்கு விடையும் அவ்வீட்டிலேயே இருந்தது. குழந்தையின் தந்தை, ஒரு காவலர், அதே செப்டம்பர் 8 அன்று நோயுற்றுப் பின் இறந்தார். அவருடைய கழிவும் அக்குழியையே அடைந்தது. ஆனால் அன்றுமுதல் குழாயில் கைப்பிடி இல்லை.

வாந்திபேதியின் கிருமியை ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். ஸ்நோ 1858-இலேயே மறைந்துவிட்டார். வைட்ஹெட் 1896 வரை வாழ்ந்தார்.