கண்ணாடி தேய்த்த கதை: பழைய எட்ஜிங் மெஷின் வாங்குவோருக்கு வரலாறு சொல்லும் பாடம்

மேசைக்குப் போடும் கண்ணாடியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கையைக் கிழிக்காது. வெட்டியவுடன் கத்தி முனை போல இருக்கும் அந்த ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் எட்ஜிங் மெஷினின் வேலை. புதியது விலை அதிகம் என்பதால் சிறு பட்டறைக்காரர்கள் பலர் பழையதைத் தேடுகிறார்கள். எது உழைக்கும், எது காலை வாரிவிடும்? கண்ணாடியின் வரலாறே இதற்குப் பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது.

மணலும் தண்ணீரும்

1665இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆதரவோடு பிரான்சில் ஒரு கண்ணாடி நிறுவனம் தொடங்கியது. வெனிஸ் நகரக் கண்ணாடிக்குப் பணம் வெளியே போவதைத் தடுப்பது அமைச்சர் கோல்பேரின் நோக்கம். அதுதான் இன்றைய செயிண்ட் கோபைன். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உருகிய கண்ணாடியை உலோக மேசையில் ஊற்றி உருளையால் தட்டையாக்கும் முறை அங்கே வந்துவிட்டது. பெரிய பலகைகள் கிடைத்தன, ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பாகவும் மங்கலாகவும் இருந்தது. எனவே ஒரு பலகை மேல் இன்னொன்றை வைத்து, நடுவில் மணலும் தண்ணீரும் விட்டு ஆட்கள் தேய்த்தார்கள். பிறகு எமரித் தூள், கடைசியில் இரும்பு ஆக்சைடுச் சிவப்புத் தூள். ஊற்றுவது நிமிடக் கணக்கு, தேய்ப்பதோ நாள் கணக்கு!

இங்கிலாந்தின் ராவன்ஹெட் ஆலையில் 1789இல் போல்டன்-வாட் நீராவி எந்திரம் இந்த வேலைக்கு வந்தது. 1935இல் பில்கிங்டன் நிறுவனம் டான்காஸ்டரில், நகர்ந்து வரும் கண்ணாடியின் இரு முகங்களையும் ஒரே நேரத்தில் தேய்க்கும் இயந்திரத்தை உருவாக்கியது. பொறியியலின் உச்சம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

உச்சத்திலிருந்து காயலான் கடைக்கு

அதே நிறுவனத்தின் அலஸ்டர் பில்கிங்டன் 1952இல் வேறு வழி யோசித்தார். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டால் என்ன? வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதன் பரப்பு தட்டையாக இருப்பதால் மிதக்கும் கண்ணாடியின் இரு முகங்களும் தாமாகவே பளபளப்பாகிவிடும். முதல் பெரிய ஆலை 14 மாதங்கள் விற்க முடியாத கண்ணாடியையே தந்தது. ஆனாலும் 1959 ஜனவரியில் வெற்றி அறிவிக்கப்பட்டது. செலவு சுமார் 70 லட்சம் பவுன்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தப் பிரம்மாண்டமான தேய்ப்பு இயந்திரங்கள் பயனற்றுப் போயின. அவை தேய்ந்து போகவில்லை, அவை செய்த வேலைதான் இல்லாமல் போனது.

ஓரம் மட்டும் தப்பியது

முகத்தைத் தேய்க்கத் தேவையில்லை. ஆனால் பலகையை வெட்டினால் ஓரம் வந்துதானே ஆக வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கண்ணாடியை எளிதில் உடைய வைக்கின்றன என்று 1921இல் கிரிஃபித் விளக்கினார். வெட்டிய ஓரத்தில் அத்தகைய கீறல்கள் ஏராளம். டஃபன்ட் கண்ணாடியை உலையில் பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது. ஆகவே ஓரவேலையை முன்பே முடித்துவிட வேண்டும். 1955இல் ஜெனரல் எலக்ட்ரிக் செயற்கை வைரத்தை அறிவித்தது. ஓரவேலையில் மணலின் இடத்தை வைரத் துகள் பதித்த சக்கரங்கள் பிடித்தன. அதே செயிண்ட் கோபைன் 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் மிதவைக் கண்ணாடி ஆலை தொடங்கியது. அங்கிருந்து வரும் பலகைக்கும் ஓரத்தைத் தேய்த்தே ஆக வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதல் கேள்வி மெஷினைப் பற்றியதல்ல, வேலையைப் பற்றியது. கிண்ணச் சக்கரங்கள் வரிசையாக உள்ள மெஷின் தட்டை ஓரம் தரும், உருண்டை ஓரம் தராது. வரும் ஆர்டர் எது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது.

அடுத்து, கண்ணாடியைப் பிடித்து நகர்த்தும் செயினும் ரப்பர் பட்டைகளும். அவை தேய்ந்திருந்தால் ஓரம் அலை அலையாக வரும். சக்கரம் சுழலும் தண்டை அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. புதிய சக்கரங்களையும் புதிய பெயின்டையும் கண்டு மயங்க வேண்டாம். சக்கரம் எப்படியும் தேய்ந்து மாற்றப்படும் பொருள். தண்ணீரும் கண்ணாடிச் சேறும் உள்ளே அரித்திருப்பதைப் பெயின்ட் மறைத்துவிடும்.

உதிரிபாகம் இன்னொரு கவலை. 1946இல் தொடங்கிய இத்தாலியின் பவெல்லோனி 2003இல் பின்லாந்துக் குழுமத்திடம் போய், 2015இல் மீண்டும் கைமாறியது. பெயர்ப்பலகை பழையதாக இருக்கலாம், இன்று பாகம் தருவது யார் என்று கேட்க வேண்டும். சுவிட்சும் ரிலேயும் உள்ளூர் எலக்ட்ரீஷியன் கைக்கு அடங்கும். பழைய எலக்ட்ரானிக் கார்டு ஒன்று போனால் முழு மெஷினும் நின்றுவிடலாம்.

கடைசியாக, சொந்தக் கண்ணாடியைக் கொண்டுபோய், மெல்லியதும் தடித்ததுமாக ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். டான்காஸ்டர் இயந்திரம் கற்றுத்தருவது இதுதான்: மெஷினின் வயதைவிட, அது செய்யும் வேலைக்கு இன்னும் எத்தனை காலம் தேவை இருக்கும் என்பதே முக்கியம்.